வலது பக்கம் சரியாகத் தெரியவில்லை

என் வீட்டுக்காரர் தங்கவேல் பாம்புக்குப் பயப்படாதவர். ஜமுனாமரத்தூரில் எங்கள் பாத்திரக் கடைக்குப் பின்னால் குடோன் என்ற பெயரில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அலுமினிய அண்டாவுக்குள் கட்டுவிரியன் சுருண்டு கிடக்கும். கையில் ஒரு துடைப்பக் கட்டையோடு போய், அதனோடு ஏதோ பேசிக்கொண்டே வெளியே தள்ளிவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர், டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டி "இந்த மாதிரி மெல்லிசு குழாய்தாங்க அண்ணா" என்று சொன்னதும், வேர்த்துக் கொட்டி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

முதலில் ரத்தம்தான் குறைந்தது. கடையில் மேல் தட்டிலிருந்து குடம் எடுக்க ஏணி ஏறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்து, உதடெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிட்டது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொம்பளைகளுக்குக் குறையலாம், ஐம்பது தாண்டிய ஆம்பளைக்கு இவ்வளவு குறைந்தால் உள்ளே எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், கீழே போய்க் குடல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கீழே என்றால் எங்களுக்குத் திருவண்ணாமலை. மலை இறங்கி, போளூரில் பஸ் மாறிப் போக வேண்டும்.

அங்கே தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஷாஸியா இருந்தார். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என்னை அக்கா என்றும் இவரை அண்ணா என்றும் கூப்பிட்டார். குடலின் உட்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னச் சதை வளரும், வலிக்காது, மெதுவாக ரத்தம் கசியும், அப்படியே விட்டால் சிலது புற்றாக மாறும், சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்றார். அதைப் பார்க்கத்தான் குழாய். முனையில் விளக்கும் கேமராவும் இருக்குமாம். அது எந்த வழியாக உள்ளே போகும் என்று சொன்ன இடத்தில்தான் இவர் எழுந்து நின்றது.

"அண்ணா, குந்துங்க. நீங்க பாத்திரம் விக்கிறவரு. ஒரு அண்டா உள்ள ஒடுக்கு இருக்குதான்னு எப்டிப் பாப்பீங்க?" என்றார் டாக்டர்.

"உள்ள கைய வுட்டுத் தடவிப் பாப்பேன்."

"அதேதாங்க இதுவும்."

"அண்டாவுக்கு வெக்கம் கிடையாதுங்க டாக்டர்" என்றார் இவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். பொம்பளை டாக்டர் என்று கூச்சமாக இருந்தால் ஆம்பளை டாக்டரும் இருக்கிறார், அவரே செய்வார் என்றார். "ஆம்பளன்னா மட்டும்?" என்று இவர் கேட்டார். மயக்க ஊசி போடுவோம், உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார். தனக்குத் தெரியாமல் தன்னை என்னவோ செய்வார்கள் என்றதும் இவருக்கு இன்னும் மோசமாகிவிட்டது. இந்த மனிதர் விடிவதற்கு முன்னால் எழுந்து யார் கண்ணிலும் படாமல் காலைக்கடன் முடித்து வருபவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கக்கூஸ் போகிறேன் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொம்பை எடுப்பார், நான் புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு கௌரவம் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் புருஷோத்தமனுக்குப் போன் போட்டார். இவருடைய சித்தப்பா மகன். செங்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் போனைத் தேய்த்துத் தேய்த்து உலகத்தில் உள்ள வைத்தியம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்கள்.

"குழாயெல்லாம் பழைய காலம்ணே. இப்ப ஸ்கேன்லயே குடல முழுசாக் காட்றான். உள்ள போன மாதிரியே படம் வருது, நான் வீடியோ பாத்தேன். சும்மா படுத்துனு இருந்தா போதும்" என்றான்.

"கேட்டியா வடிவு?" என்றார் இவர். குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல அவர் முகத்திலிருந்து பயமெல்லாம் கொட்டிப் போய்விட்டது.

அடுத்த வாரம் டாக்டரிடம் போய் இதையே கேட்டார். அந்தம்மா பொறுமைசாலி. நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"ஸ்கேன் இருக்குதுங்க அண்ணா, பொய் இல்ல. பெரிய கட்டின்னா குழாய்க்குச் சமமாக் காட்டிடும். ஆனா ரொம்பச் சின்னது, சுவத்தோட தட்டையா ஒட்டிக்கினு இருக்கிறது, இதெல்லாம் தப்பிச்சிடும். அப்பறம், ஸ்கேன் பாக்கத்தான் பாக்கும், எடுக்காது. ஏதாச்சும் தெரிஞ்சா மறுபடி குழாய்தான். குழாய்ல போனா பாத்த கையோட எடுத்துட்டு வந்துடலாம். ரத்தம் கசியிற ஆளுக்கு நேரா குழாய் போடறதுதான் நல்லது."

"ஸ்கேன்ல ஒண்ணியும் இல்லன்னா குழாய் வேணாம்ல?"

"குடல் சுத்தமா இருக்கணும். முழுசாத் தெரியணும். அப்படித் தெரிஞ்சி ஒண்ணும் இல்லன்னா, அப்ப யோசிக்கலாம்."

"அப்ப ஸ்கேனே எழுதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரிடம் சொன்னேன், டாக்டருக்கும் கேட்கிறபடியே சொன்னேன், "அவங்க ரெண்டு வாட்டி சொல்லிட்டாங்க, குழாய்தான் நல்லதுன்னு. செவுடா நீ?" என்று. இவர் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் மகள் கவியா ஓசூரில் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளும் போனில் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் டாக்டர்தான், ஒன்றுமே பார்க்காமல் விடுவதற்கு இது மேல் என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆனால் ஸ்கேனுக்கும் குடல் காலியாக இருக்க வேண்டும். முதல் நாள் சோறு கிடையாது. ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்து, சாயங்காலம் பாதி, மறுநாள் விடியற்காலை பாதி குடிக்க வேண்டும். சாயங்காலப் பாதி மேலோட்டமாகக் கழுவும், காலைப் பாதிதான் மிச்சத்தை, அதுவும் வலது பக்கத்தை, முழுசாகக் கழுவும் என்று டாக்டர் விளக்கினார். மலைக்காரர்கள் என்று தெரிந்ததால், "முந்தின நாளே வந்து கீழ சொந்தக்காரங்க வூட்ல தங்கிடுங்க, பஸ்ல கஷ்டம்" என்றும் சொன்னார்.

இவருடைய தங்கை மஞ்சுளா கலசபாக்கத்தில்தான் இருக்கிறாள். வழியிலேயே ஊர். நல்ல வீடு, உள்ளேயே கக்கூஸ். நான் சொன்னதும் இவர் என்னவோ அசிங்கத்தைக் கேட்டது போலப் பார்த்தார்.

"கட்டிக் குடுத்த வூட்டுக்கு அண்ணங்காரன் எதுக்குப் போவான்? பழம் வாங்கிட்டுப் போயி, ஒரு வாய் சாப்ட்டு, பொழுதோட கெளம்பி வரணும். மச்சான் எதுர விடிய விடிய சொம்ப எடுத்துனு நடக்கவா சொல்ற?"

"ஒடம்பு சரியில்லன்னா நடந்துதான் ஆவணும்."

"நான் இங்கியே குடிச்சிட்டு மொத பஸ்ல வர்றேன். வுடு."

இதற்கு மேல் எங்கள் மலை பஸ்ஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. இங்கிருந்து இறங்கும் பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் பஸ்ஸை நிறுத்து என்றால் டிரைவர் நிறுத்த மாட்டார். நிறுத்தினாலும் இறங்கி ஒதுங்க இடம் கிடையாது. அதனால் பஸ் ஏறுகிற அன்றைக்குக் காலையில் வாயில் தண்ணீர் படக்கூடாது என்பது இங்கே சட்டம் மாதிரி. பிள்ளைத்தாய்ச்சிகூட நாக்கை நனைத்துக்கொண்டுதான் ஏறுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பல் போன கிழங்கள் வரை எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறியது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சாயங்காலப் பாதியை என் எதிரிலேயே குடித்தார். குமட்டிக் குமட்டிக் குடித்தார். அப்புறம் பட்ட பாட்டை அவர் மானத்துக்காகச் சொல்லாமல் விடுகிறேன். விடிந்ததும் மீதியைக் குடித்தாயா என்று கேட்டேன். "ஆச்சி, ஆச்சி" என்றார். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் நம்பினேன். வளைவுக்கு வளைவு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்து வந்தார். இவ்வளவு குடித்துவிட்டும் எப்படித் தாங்குகிறார் என்று ஆச்சரியமாக இருந்தது. மனசுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டேன்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அவருக்கு முதல் அடி விழுந்தது. குடலை ஊதிப் பெரிதாக்கினால்தான் படம் சரியாக வருமாம். அதற்கு ஒரு ரப்பர் குழாய், விரல் நீளம்தான், ஆனால் அதுவும் அதே வழியாகத்தான். இதைப் புருஷோத்தமனின் வீடியோவில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மல்லாந்து படுக்க வைத்து ஒன்று, குப்புறப் படுக்க வைத்து ஒன்று, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். வெளியே வந்தவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "மோசம் பண்ட்டாங்கடி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் படம் பார்க்கிற டாக்டர் ராஜ்குமார் என்பவர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசுதான்.

"காலைல குடிக்க வேண்டிய பாதியக் குடிச்சீங்களா ஐயா?"

"குடிச்சேங்க."

"முழுசா?"

"முழுசாங்க."

அவர் திரையில் எதையோ உருட்டி உருட்டிப் பார்த்தார். "வலது பக்கம் சரியாகத் தெரியலைங்க. மலம் நிக்குது. அதுக்குக் கீழ சதை இருந்தாலும் எனக்குத் தெரியாது. மத்தபடி இடது பக்கம், நடுவுல, எங்கியும் ஒண்ணும் இல்ல. ஆனா வலது பக்கம் பாத்ததாக் கணக்கு வெக்காதீங்க. குழாய் போட்டுப் பாத்துடறது நல்லது."

டாக்டர் ஷாஸியாவும் அதையே சொன்னார். இவர் தலையை நன்றாக ஆட்டிவிட்டு, வீட்டில் கலந்துகொண்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே புருஷோத்தமனுக்குப் போன். "எங்கியும் ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாங்கடா" என்கிறார். நான் பக்கத்தில் நின்று, "வலது பக்கத்த சொல்லு, வலது பக்கத்த சொல்லு" என்று கத்துகிறேன். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

மேலே வருகிற பஸ்ஸில், பாதி மலை ஏறியதும், என்ன தோன்றியதோ, என் காதருகில் குனிந்து பெருமையாகச் சொன்னார். காலைப் பாதியைக் குடிக்கவே இல்லையாம். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டாராம். "மலை பஸ்ஸு ஏறுற நாளு எவனாச்சும் தண்ணி குடிப்பானா? நடுவுல வந்துட்டா இன்னா பண்றது? அந்த டாக்டருங்களுக்கு நம்ம ரோட்ட பத்தி இன்னா தெரியும்?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. யோவ் என்று ஆரம்பித்து, அவர் அப்பா, தாத்தா, சித்தப்பா மகன் வரைக்கும் வரிசையாக இழுத்து, ஜமுனாமரத்தூர் வரும்வரை திட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என்ன ஊற்றினார், எதற்கு ஊற்றினார் என்பதை மட்டும் சொல்லாமல் திட்டினேன். அவ்வளவு கோபத்திலும் அவர் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. கண்டக்டர், "அக்கா, அண்ணன் இன்னா கள்ளச் சாராயமா ஊத்திட்டாரு?" என்று கேட்டான்.

மறுநாளே டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "அக்கா, கோவப்படாம கூட்டிட்டு வாங்க. முந்தின நாளே இங்க பெட்ல சேத்துடறேன். ரூம்லயே கக்கூஸ் இருக்குது. அங்கியே குடிக்கட்டும். பஸ் பிரச்சினையே இல்ல. காலைல குழாய் போட்டு முடிச்சிடலாம்" என்றார். எவ்வளவு சுலபமாக ஆக்கிக் கொடுத்தார் பாருங்கள். தங்கத் தட்டில் வைத்து நீட்டினார். இவர் தட்டையே பார்க்கவில்லை.

"பாக்கலாம், சந்த முடியட்டும்" என்றார். சந்தை முடிந்தால் ஆடி. ஆடி போனால் சாமை அறுப்பு. மலை ஜனங்கள் கையில் நாலு காசு புழங்கும்போதுதான் குடமும் குண்டானும் போகும், கடையை விட முடியாது. அப்புறம் தீபாவளி. இதற்கு நடுவில் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்து முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஏணி ஏறினால் முன்போல மூச்சு வாங்கவில்லை. அதுதான் எனக்கு எமனாக வந்தது. கண்ணாடியில் தன் கன்னத்தைத் தட்டிப் பார்த்து, "இப்ப எவனாச்சும் என்ன நோயாளின்னு சொல்லட்டும்" என்பார். மாத்திரை ரத்தத்தை ஏற்றும், ஒழுகுகிற ஓட்டையை அடைக்காது என்று நான் சொன்னால், என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கேலி செய்வார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றே சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

சண்டை போட்டேன். பேசாமல் இருந்தேன். அடுப்பைப் பற்றவைக்காமல் படுத்துக்கொண்டேன். ஓட்டலில் போண்டா வாங்கி வந்து எனக்கும் சேர்த்து வைத்தார். கவியா லீவு போட்டு வந்து, "எனக்காக வாப்பா" என்று அழுதாள். அவள் அழுதால் இவர் தாங்க மாட்டார். சரி என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் மூன்று பேரும் மலை இறங்கினோம். போளூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வேர்க்கடலை வாங்கி வருகிறேன் என்று இறங்கினார். பஸ் கிளம்பப் போகிறது, ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ப்பக்கம் ஜமுனாமரத்தூர் பஸ் புறப்பட்டுப் போகிறது, அதன் பின் சீட்டில் இவருடைய நீலக் கோடு போட்ட சட்டை. ஐம்பது தாண்டிய மனிதர், பள்ளிக்கூடம் போகப் பயந்து ஓடுகிற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கவியா சிரித்தாள், உடனே அழுதாள். நான் அவர் இடத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தூக்கிக் கட்டி எடுத்துப் போக முடியுமா? அதையும்தான் யோசித்தேன். ஒரு மனுஷன் உடம்பு அவனுடையது. அவன் சரி என்று சொல்லாமல் அதில் ஒரு ஊசி நுழைக்க முடியாது. கட்டிக்கொண்டவள் என்றால் சோறு போடலாம், துணி துவைக்கலாம், தொண்டை கிழியத் திட்டலாம். அவ்வளவுதான் என் அதிகாரம்.

தை பிறந்தது. சாப்பாடு குறைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். தொப்பை குறைந்தது நல்லதுதானே என்றார். மாசியில் ஒருநாள் பெரிய அண்டா ஒன்றை வாடிக்கைக்காரருக்கு இறக்கிக் கொடுக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே குந்திவிட்டார். வாயுப்பிடிப்பு என்றார். கடையை அடைத்துவிட்டு, பாயில் படுக்க வைத்து, விளக்கெண்ணெய் காய்ச்சித் தொப்புளைச் சுற்றித் தடவினேன். இடது பக்கம் மெத்தென்று இருந்தது. வலது பக்கம் இடுப்புக்கு மேலே கை போனபோது உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. மாங்கொட்டை அளவு. கெட்டியாக. தள்ளினால் நகரவில்லை.

ஸ்கேனில் தெரியாதது, குழாய் போய்ப் பார்க்காதது, எண்ணெய் தடவிய என் கைக்குத் தெரிந்தது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது. "அங்கதான், அங்கியே நல்லாத் தேயி" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

மறுநாள் அவர் எதுவும் மறுக்கவில்லை, வலி அப்படி. டாக்டர் ஷாஸியா அவரைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திக்கொண்டே வந்தார். வலது பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"உடனே ஒரு ஸ்கேன் எடுத்துடலாம் அண்ணா."

"பொடி குடிக்கணுமா?"

"வேணாங்க. கையில ஒரு ஊசி மட்டும்."

"அந்த ரப்பரு?"

"அதுவும் வேணாம். இது வேற ஸ்கேன்."

இவருக்கு அந்த வலியிலும் முகம் தெளிந்தது. தானாகவே நடந்துபோய் மெஷினில் படுத்தார்.

படம் வந்ததும் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். வலது பக்கம் ஒரு கட்டி. படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். ஈரலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"இப்ப நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியுதுங்க அக்கா" என்றார் டாக்டர். அப்புறம் இவரைப் பார்த்து நேராகவே சொன்னார். மறைக்கவில்லை. குடலில் உள்ளது புற்றுக்கட்டி மாதிரிதான் தெரிகிறது, ஈரலுக்குப் பரவிவிட்டது, வெட்டி எடுத்துக் குணமாக்குகிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிக் கொஞ்ச காலம் தள்ளலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தி, புரிகிறதா என்று கேட்டார். இவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குழாய் வுடணுமாங்க?"

டாக்டர் கொஞ்சம் தடுமாறினார். "வேணாங்க அண்ணா. ஈரல்லருந்தே ஊசியால துளி சதை எடுத்து, என்ன வகைன்னு பாத்துக்கலாம். இனிமே குழாய் போட்டு ஆகப்போறது ஒண்ணும் இல்ல."

இவர் எழுந்து நின்று கும்பிட்டார். வரம் கொடுத்த சாமியைக் கும்பிடுவது போல, தலைக்கு மேல் கையைத் தூக்கி, "நல்லா இருப்பீங்கம்மா" என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, இது பெற்ற பிள்ளைக்கும் வரலாம், கவியாவுக்கு நாற்பது வயது வருவதற்குள் குழாய் போட்டுப் பார்த்துவிட வேண்டும், ஸ்கேன் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். சரி என்றேன்.

டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் இவர் காதில் விழுந்ததா, விழுந்தும் ஒதுக்கிவிட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? வருஷம் முழுக்க ஒரு குழாய்க்குப் பயந்து ஓடிய மனிதர் ஓடி முடித்துவிட்டார். அவரைத் துரத்துகிறவர்கள் இனி யாரும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. ஒரு கடை ஓரமாக நிழலில் நின்றோம். இவர் புருஷோத்தமனுக்குப் போன் போட்டார். "குழாய் வேணாம்னு டாக்டரே சொல்ட்டாங்கடா" என்றார். மஞ்சுளாவுக்குப் போட்டார். "குழாயெல்லாம் ஒண்ணியும் வேணாம்னுட்டாங்கம்மா, ஊசிதான்" என்றார். பக்கத்துக் கடைக்காரருக்கும் போட்டார். கவியாவின் பெயரை எடுத்தபோது மட்டும் நான் போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இன்னாடி?" என்றார்.

திட்ட வாயைத் திறந்தேன். முப்பது வருஷமாக அதற்குத்தானே திறந்தேன். பாவி மனுஷா, முருங்கை மரத்தடியில் ஊற்றினாயே, போளூரில் ஓடினாயே, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாயே என்று எத்தனையோ இருந்தது. அவர் எலும்பும் தோலுமாக, காலர் பெரிதாகிப்போன சட்டையில், பரீட்சையில் தப்பித்த பிள்ளை மாதிரி நின்றார். அத்தனை ஜனங்களுக்கு நடுவில் எனக்குக் கண்ணீர்தான் கொட்டியது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னாத்துக்கு வடிவு அழுவுற?" என்றார். "அதான் குழாய் வேணாம்னு சொல்ட்டாங்கல்ல."